நெற்றியில் மூக்கு இருந்த அந்த விலங்கு முதலை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷமாக உங்கள் பத்திரிகைதான். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கீழே கிடக்கும், டீ வருவதற்குள் நடுப்பக்கம் வரை வந்துவிடுவேன். ஆசிரியருக்கு என்று இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உள்பக்கத்தில் போட்ட ஒரு சின்னச் செய்தியை வைத்து, ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை சரியாகச் செய்ததைத் தப்பு என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு யோசனை சொன்னவன் நான், அதனால் எனக்கு மனசு ஆறவில்லை.

செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். 2025 ஆகஸ்டில் ராஜஸ்தானில், ஜெய்சல்மேர் மாவட்டம் மேகா கிராமத்தில், நீர்நிலைக்காக மண் தோண்டியபோது எலும்பு மாதிரி கல் தட்டுப்பட்டது. முதலில் டைனோசர் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் நிலவியலாளர்கள் வந்து பார்த்து, இது ஃபைட்டோசர் என்ற விலங்கு, ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முந்தையது என்றார்கள். இதை நீங்கள் இரண்டு பத்தியாகப் போட்டீர்கள். தலைப்பில் முதலை. முதல் வரியில் டைனோசர். கொஞ்சம் கீழே வந்தால் முதலைகளின் மூதாதை. கடைசி வரியில், இந்த வகை இந்தியாவில் கிடைப்பது இதுவே முதல்முறை என்று. பக்கத்தில் ஒரு படம், அது வட இந்திய ஆறுகளில் இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கிற கரியால் முதலையின் படம். ஃபைட்டோசர் என்ற பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது.

அந்தத் துண்டை வெட்டிக்கொண்டு வந்து கலர் ஜெராக்ஸ் கேட்டாள் அந்தப் பிள்ளை. அவள் அம்மா எங்கள் சந்திலேயே தையல் வேலை பார்க்கிறார், சின்னதிலிருந்தே என் கடையில்தான் பென்சில் சீவுவாள். பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம். கையில் ஒரு தெர்மாகோல் முதலை, அரை மீட்டர் இருக்கும், பிளேடால் செதுக்கி, உப்புத்தாள் தேய்த்து, பாசிப்பச்சை பூசி, முதுகில் துவரம்பருப்பை வரிசையாக ஒட்டிச் செதில் செய்திருந்தாள். அவ்வளவு பொறுமை. மூக்கின் நுனியில் பேனா ரீஃபிலைக் குத்தி இரண்டு ஓட்டை. நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, பத்துப் பதினைந்து வருஷம் கல்லூரிப் பிள்ளைகளின் தீசிஸ் டைப் செய்து, அதில் வருகிற பெயர்களை ராத்திரி தேடித் தேடிப் படித்தே இந்தப் பழைய விலங்குகள் மேல் பைத்தியமானவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

"தாயி, இதுக்கு மூக்கு அங்க இல்ல. கண்ணுக்கு முன்னால, மேல இருக்கும்" என்றேன்.

"முதலைக்கு நுனியிலதான மாமா?"

"முதலைக்கு நுனியில. இது முதலை இல்ல."

கம்ப்யூட்டரில் மண்டையோட்டுப் படங்களைத் திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் நுனி ஓட்டையை ஃபெவிகால் தொட்ட டிஷ்யூ பேப்பரால் அடைத்தாள். எதிர்க் கடையில் எம்-சீல் வாங்கி வந்து பிசைந்து, இரண்டு கண்ணுக்கும் சற்று முன்னால் சின்னக் கரடு மாதிரி மேடு வைத்தாள். அது இறுகுவதற்குள் அதே ரீஃபிலால் மேட்டின் உச்சியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை. "நெத்திமூக்கன்" என்று அவளே பேரும் வைத்தாள்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் உங்கள் செய்தித் துண்டையும் அவள் செய்த மாதிரியையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். படத்தில் மூக்கு நுனியில் இருக்கிறதே, நீ ஏன் நெற்றியில் வைத்தாய் என்று கேட்டிருக்கிறார். இது முதலை இல்லை சார் என்றிருக்கிறாள். பேப்பரிலேயே முதலை என்று போட்டிருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவரையோ பள்ளியையோ நான் குறை சொல்லவில்லை. அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான். எங்கள் ஊரில் இன்றைக்கும் பேப்பரில் போட்டிருக்கிறது என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூக்கு எங்கே இருந்தால் என்ன என்று தோன்றலாம், ஆனால் அந்த விலங்கின் முழுக்கதையும் அந்த மூக்கில்தான் இருக்கிறது.

உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து பழனிக்குப் போகிறவர்கள் பலர் அப்படியே அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். அடுத்த முறை போனால் வாயைப் பிளந்துகொண்டு கரையில் கிடப்பதை விட்டுவிட்டு, தண்ணீரில் கிடப்பதைப் பாருங்கள். உடம்பு தெரியாது, முதுகு தெரியாது. முன்னால் ஒரு சின்னப் புடைப்பு, ஒரு முழம் தள்ளிப் பின்னால் இரண்டு புடைப்பு. முன்னால் இருப்பது மூக்கு, பின்னால் இருப்பவை கண்கள். வேலி ஓரம் ஒன்று கிடந்தபோது நான் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மூக்குத் துளை சட்டென்று பிறை மாதிரித் திறக்கும், மூச்சை வாங்கியதும் இறுக மூடிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு நேரம் கழித்தோ மறுபடி திறக்கும். அந்த நுனியில் இழுத்த காற்று தொண்டைக்குப் போவதற்கு முதலையின் மேலண்ணத்தில் எலும்பாலேயே ஒரு குழாய் வழி இருக்கிறது. வாய் வேறு, மூச்சு வழி வேறு. தொண்டை வாசலில் ஒரு மடல் அடைத்துக்கொள்ளும், அதனால் தண்ணீருக்குள் வாயைத் திறந்து இரையைப் பிடித்திருக்கும்போதும் மூக்கு மட்டும் மேலே இருந்தால் அதற்கு மூச்சு முட்டாது.

ஃபைட்டோசருக்கு அந்த எலும்புக் குழாய் இல்லை. அதன் மூக்குத் துளை நீண்ட முகத்தின் நுனியில் இல்லாமல், பின்னால் தள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில், மண்டை மேல் மேடாக இருந்தது. காற்று நேராகக் கீழே தொண்டைக்கு இறங்கிவிடும். தண்ணீரில் மறைந்து கிடந்தபடி மூச்சு விட வேண்டும் என்ற ஒரே தேவைக்கு இரண்டு விலங்கும் இரண்டு விதமாக வழி கண்டன. மற்றபடி பார்த்தால் அசல் முதலைதான்: நீண்ட தாடை, கூம்புப் பற்கள், முதுகில் எலும்புத் தகடு, பக்கவாட்டில் தட்டையான வால். கழுத்துக்குக் கீழேயும் எலும்புத் தகட்டுக் கவசம் இருந்தது.

ஆனால் இவை முதலையின் மூதாதை இல்லை. முதலையின் உண்மையான முன்னோர் வழி வந்தவை அதே காலத்தில் தனியாக இருந்தன. அவை எப்படி இருந்தன தெரியுமா? பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் கிடைத்த டெரஸ்ட்ரிசூகஸ் என்ற ஒன்று, மெலிந்த நீண்ட கால்களோடு, தரையில் ஓடித் திரிந்த ஒரு சின்ன விலங்கு. ஆற்றோரம் படுத்துக் கிடந்து காலைக் கவ்வுகிற வேலை அப்போது ஃபைட்டோசர்களுடையது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுக்கு முன், எல்லாக் கண்டங்களும் ஒன்றாக ஒட்டியிருந்த நிலம் பிளக்கத் தொடங்கி, பெரும் எரிமலைக் குழம்பு பரவி, நிலத்திலும் கடலிலும் உயிர்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது ஃபைட்டோசர்கள் ஒன்றுகூட மிஞ்சாமல் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் முதலை வழி வந்தவை தண்ணீருக்குள் இறங்கி, காலியாகக் கிடந்த அந்த இடத்தைப் பிடித்தன. ஆக, ஃபைட்டோசர் முதலை மாதிரி இருந்தது என்று சொல்வதைவிட, முதலைதான் ஃபைட்டோசர் மாதிரி ஆனது என்று சொல்வது பொருத்தம். வம்சம் வேறு, வேலை ஒன்று. உறவு உண்டு, அது தூரத்து உறவு. முதலை வம்சத்தின் அடிக்கிளையில் வைக்க வேண்டுமா, அல்லது முதலையும் பறவையும் பிரிவதற்கு முன்பே கிளைத்ததா என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு அணியாக இருக்கிறார்கள். எந்த அணியும் இதை முதலைக்குப் பாட்டன் என்று சொல்லவில்லை. டைனோசர் என்றும் சொல்லவில்லை. டைனோசர்கள் அதே காலத்தில் இருந்தன, அது உண்மை, ஆனால் ஒரே தெருவில் குடியிருந்தால் ஒரே குடும்பம் ஆகிவிடுமா?

பெயர்க் கதை ஒன்று சொல்கிறேன், இதைப் படித்ததிலிருந்து எனக்கு மறக்கவில்லை. ஃபைட்டோசர் என்றால் கிரேக்கத்தில் தாவரப் பல்லி. மீனும் மற்ற விலங்குகளும் தின்றதற்கு இப்படி ஒரு பெயர் எப்படி வந்தது? ஜெர்மனியில் 1828-ல் யேகர் என்பவர் கையில் கிடைத்த தாடையில் பற்கள் விழுந்துபோய், பல் இருந்த குழிகளில் சேறு நிரம்பிக் கல்லாகியிருந்தது. மழுங்கலான அந்தக் கல் முளைகளைப் பல் என்று நினைத்து, இது இலை தழை அரைக்கிற பல் என்று முடிவு செய்து பெயர் வைத்துவிட்டார். தப்பு என்று தெரிந்தபிறகும் பெயர் மாறவில்லை, 200 வருஷம் ஆகப்போகிறது. ஒரு முறை அச்சில் ஏறிய தப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு இந்த விலங்கே சாட்சியாக இருக்கிறது ஐயா.

அடுத்து, இந்தியாவில் முதல்முறை என்ற வரி. இதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ஜெய்சல்மேரில் கிடைத்தது பெரிய விஷயம்தான், அந்த ஊர்க்காரர்கள் பொக்லைனை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்களே, அதற்கே கும்பிடலாம். ஆனால் முதல் இல்லை. முதலுக்குப் பக்கத்தில்கூட இல்லை.

நாக்பூரில் இருந்த ஸ்டீபன் ஹிஸ்லாப் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1863-ல் ஆற்றுவெள்ளத்தில் இறந்தவர், கோதாவரியின் துணையாறான பிராணஹிதா பக்கம் மலேரி என்ற கிராமத்து எலும்புகளைத் திரட்டியவர்களில் ஒருவர். ஊர்ப் பெயர்தான் மலேரி, காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்போது தெலங்கானாவில், பழைய அடிலாபாத் மாவட்டப் பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து போன எலும்புகளுக்கு லண்டனில் ஹக்ஸ்லி என்ற விலங்கியலாளர் 1870 வாக்கில் பாராசூகஸ் என்ற பெயரைச் சொன்னார். முதலைக்குப் பக்கத்தில் நிற்பது என்று பொருள், பெயரிலேயே முதலை வேறு இது வேறு என்று இருக்கிறது பாருங்கள். 1885-ல் லைடெக்கர் என்ற ஆய்வாளர் அதை முறையாக எழுதி, ஹிஸ்லாப் நினைவாக பாராசூகஸ் ஹிஸ்லோபி என்று ஆக்கினார். இதில் ஒரு சிக்கல். அவர் வைத்திருந்த எலும்புகளில் முகத்தின் முன்பகுதி ஃபைட்டோசருடையது, மண்டையின் அடிப்பகுதியோ ரிங்கோசர் என்கிற, கிளி அலகு போன்ற வாயுள்ள தழை தின்னியுடையது. இரண்டு விலங்கின் எலும்பு ஒரே பெயருக்குள் போய்விட்டது. கிட்டத்தட்ட 90 வருஷம் கழித்து, 1974-ல், இதைப் பிரித்துக் காட்டியவர் சங்கர் சாட்டர்ஜி என்ற ஆய்வாளர்.

அதே மலேரிப் பகுதியில், செந்நிறக் களிக்கல்லில், பாராசூகஸின் இரண்டு முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. உடைந்த துண்டுகள் இல்லை, தலையிலிருந்து வால்வரை எலும்பு எலும்பாகக் கோத்தபடி, செத்த இடத்தில் அப்படியே புதைந்தவை. 1978-ல் சாட்டர்ஜி அவற்றை விரிவாக எழுதினார். அது மட்டுமா, வயிற்றுப் பகுதியில் வேறொரு சின்ன ஊர்வனவின் எலும்புகள் இருந்தன, கடைசியாகத் தின்ற இரை. அந்த இரையே அறிவியலுக்குப் புதுசாக இருந்ததால் அதற்கு 1980-ல் மலேரிசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். 22, 23 கோடி ஆண்டுக்கு முன் ஒரு விலங்கு சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு என்ன என்று தெலங்கானா மண் எடுத்துக் காட்டுகிறது. இதை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவை எல்லாம் இருப்பது கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில். கணக்குப் போடுகிற இடத்தில் எலும்பு எப்படி என்று அந்தப் பிள்ளையும் கேட்டாள். அதை நிறுவிய மகலனோபிஸ் எல்லா அறிவியலும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர். 1950-களில் லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற அம்மையாரை வரவழைத்து நிலவியல் பிரிவை வளர்த்தார். மலேரிசாரஸ் ராபின்சனே என்ற முழுப்பெயரில் இருக்கிற ராபின்சன் அவர்தான். பழைய கலப்படச் சிக்கலைத் தீர்க்க, விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையம் 2003-ல் கொல்கத்தாவில் இருக்கிற அந்த எலும்புக்கூடு ஒன்றையே பாராசூகஸ் ஹிஸ்லோபிக்கு ஆதார மாதிரியாக ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ ஒரு மண்டையோடு கிடைத்து, இது பாராசூகஸா என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தால், கொல்கத்தா எலும்போடுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது நம்மிடம் இருக்கும்போது, இந்தியாவில் முதல்முறை என்று நாமே அச்சடிக்கிறோம்.

இன்னும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் டிக்கி என்ற ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் பாறைப் படிவத்திலிருந்து சில வருஷங்களுக்கு முன்புதான் வல்கனோசூகஸ் ஸ்டாட்டிஸ்டிக்கே என்ற ஃபைட்டோசரை அறிவித்தார்கள், அந்தப் புள்ளியியல் நிறுவனத்தின் பெயரையே சேர்த்து. 2023-ல் அதே படிவத்திலிருந்து கொலோசோசூகஸ் டெக்னியென்சிஸ். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் எழுதியது. ஒன்று இரண்டல்ல, குறைந்தது 21 விலங்குகளின் எலும்புகள் குவியலாக. பெரியவை 8 மீட்டரைத் தாண்டும். 8 மீட்டர் என்றால் எவ்வளவு என்று அந்தப் பிள்ளைக்குக் காட்ட, கடை வாசலிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். எங்கள் கடை, பக்கத்து வளையல் கடை, அதற்கடுத்த பூக்கடை, மூன்றையும் தாண்டி டேப் போனது. பூக்கார அக்கா எழுந்து நின்று, இம்மாம் பெரிசு ஆத்துல கெடந்துச்சா என்றார்.

நம் ஊரில் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. மதுரையில் கிடைக்காது. யானைமலையும் மேலூர்ப் பக்கத்துப் பாறைகளும் பூமிக்கு ரொம்ப ஆழத்தில் வெந்து இறுகியவை, எலும்புள்ள விலங்குகள் பெருகுவதற்கு முன்பே அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டவை. எலும்பு கல்லாக நிற்க வேண்டும் என்றால் சேறு வேண்டும், நம் கண்மாய் வற்றும்போது வண்டலில் நத்தையும் நண்டும் அமுங்கிப் போகிறதே, அந்த மாதிரி மெதுவாகப் படிகிற சேறு. அப்படிப்பட்ட பழைய படிவம் சிவகங்கைப் பக்கம் கொஞ்சம் உண்டு, இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் அது ஃபைட்டோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டு கழிந்த பிறகு படிந்தது. இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. இங்கே கிடைக்காவிட்டால் என்ன, மலேரியும் டிக்கியும் நம்முடையது இல்லையா என்று சொல்லித் தேற்றினேன்.

சங்கப் பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயரை ஒரே அடியில் அடுக்குகிறார்கள், மூன்றும் மூன்று வகை என்று பழைய உரைகள் சொல்கின்றன. ஆற்றோரம் கிடந்தது எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டு மூட அந்தக் காலத்துப் புலவருக்கு மனசு வரவில்லை. அந்த மொழியில் எழுதுகிற நாம் 20 கோடி ஆண்டு இடைவெளியை ஒரு தலைப்பில் மூடிவிடலாமா?

கீழடிச் செய்திகளை நீங்கள் எவ்வளவு கவனமாகப் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், கரி எந்த ஆய்வுக்குப் போனது என்று எல்லாம் இருக்கும். ஒரு நூற்றாண்டு தவறிப் போனால் மறுநாள் உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை போன் வரும் என்பதும் தெரியும், 2023-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகள்கூட உறைகிணறு, தாழி என்று பேசுகின்றன. அந்தக் கவனத்தில் கால்வாசியை இந்த மாதிரிச் செய்திக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஃபைட்டோசருக்காக யாரும் போன் செய்ய மாட்டார்கள். அது போன வம்சம், கேட்க நாதியில்லை. ஆனால் உங்கள் துண்டுச் செய்தியை வெட்டி அட்டையில் ஒட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், வாரத்துக்கு நாலு பேராவது என் கடைக்கே வருகிறார்கள், மற்ற ஊர்க் கடைகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

என் வேண்டுகோள் சின்னது. ஒரு திருத்தம் போடுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: அது முதலையும் இல்லை, டைனோசரும் இல்லை, ஃபைட்டோசர் என்ற தனி வம்சம், இந்தியாவில் இது முதல் அல்ல, மலேரியிலிருந்து பாராசூகஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்று, முழு எலும்புக்கூடாகக் கொல்கத்தாவில் இருக்கிறது, மூக்கு இருப்பது கண்ணுக்கு முன்னால், மண்டை மேல். இடம் இருந்தால் கரியால் தலையையும் ஃபைட்டோசர் தலையையும் மேலும் கீழுமாக ஒரு கோட்டுப் படம். ஆண் கரியாலுக்கு மூக்கு நுனியில் கலயம் கவிழ்த்த மாதிரி ஒரு குமிழ் இருக்கும், அதை ஒரு பக்கமும், இதன் நெற்றி மேட்டை மறுபக்கமும் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வித்தியாசம் புரிந்துவிடும். படம் வரைய ஆள் இல்லை என்றால் நானே கோரல்டிராவில் வரைந்து அனுப்புகிறேன், காசு வேண்டாம், பெயரும் போட வேண்டாம். தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றினால் நெற்றிமூக்கன் என்று அந்தப் பிள்ளை வைத்த பெயர் இருக்கிறது, தாவரப் பல்லியைவிட எவ்வளவோ பொருத்தம்.

அவள் செய்த நெத்திமூக்கன் இப்போது என் கடை அலமாரி மேல் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டேன் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதுகில் நாலைந்து பருப்பு உதிர்ந்துவிட்டது, எம்-சீல் மேடு மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது. திருத்தம் வருகிற அன்றைக்கு அந்தப் பக்கத்தை வெட்டி லேமினேட் போட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் அதை எடுத்துக்கொண்டு போய் அந்த நடுவரிடம் காட்ட வேண்டும். தினமும் காலையில் உள்பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தெற்கு மாசி வீதி, மதுரை